ஏழரை அடி நீரும் விக்டர் காப்லானும்

ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் சிறு டர்பைன் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். நீர் முழு அளவில் வந்தவரை அது செவ்வனே சுழன்றது. வால்வைப் பாதி மூடியதும் திறன் மளமளவென்று சரிந்தது. கணக்கைத்தான் பிழையாகப் போட்டுவிட்டேனோ என்று இருமுறை பார்த்தேன். கணக்கு சரிதான், குற்றம் அசையாத இறக்கைகளுடையது. அன்றுதான் காப்லானின் வரலாற்றைத் தேடிப் படிக்க எனக்கு ஆவல் பிறந்தது.

ஆஸ்திரியாவில் மூர்ட்ஸுஷ்லாக் என்னும் ஊரில் 1876 நவம்பர் 27ஆம் நாள் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் அவர். வியன்னாவில் பயின்று 1900இல் எஞ்சினியரானார். 1903இல், இன்று செக் நாட்டைச் சேர்ந்த பிர்னோ நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பணி ஏற்றார். நமக்கு வேண்டிய கதை இங்கேதான் தொடங்குகிறது.

மலையருவிக்கேற்ற எந்திரங்கள் அக்காலத்திலேயே உண்டு. சமவெளி ஆறுகள்தாம் பிடிகொடுக்கவில்லை. அங்கே நீர் ஏராளம். வீழ்ச்சியோ சில அடிகளே. அந்நாளைய பிரான்சிஸ் டர்பைன் அத்தகைய இடத்தில் மந்தமாகவே சுழலும். மின்னாக்கிக்கோ விரைவு வேண்டும். காப்லான் மாதிரி மாதிரியாகச் செய்து நீரில் ஓட்டிப் பார்த்தார். இறக்கைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்; அவற்றைச் சுற்றியிருந்த வளையத்தைக் களைந்தார். கப்பலின் உந்துவிசிறி போன்ற உருவம் அமைந்தது. விரைவு வந்தது. ஆனால் நீர் குறைந்தால் திறன் வீழ்ந்தது. எங்களைப் படுத்திய அதே நோய்!

அவர் கண்ட மருந்து துணிச்சலானது. நீரின் அளவுக்குத் தக்கபடி, ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கைகள் தம் கோணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வண்டிச் சக்கரத்தின் குடம் போன்ற நடுப்பகுதிக்குள் அதற்கான பொறிகளை ஒளித்துவைத்தார். நீரை வழிநடத்தும் வெளித் தகடுகளும் கூடவே அசையும். வரைபடத்தில் எளிது, செய்து பார்ப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

1912, 1913ஆம் ஆண்டுகளில் காப்புரிமை கோரினார். பெரிய உற்பத்தியாளர்கள் எதிர்த்து வழக்காடினார்கள். உலகப் போர் வேறு வந்து குறுக்கிட்டது. கடைசியில் பிர்னோவின் ஸ்டோரெக் வார்ப்பாலைதான் கைகொடுத்தது. 1919இல் ஆஸ்திரியாவின் வெல்ம் என்னுமிடத்து ஜவுளி ஆலையில் முதல் டர்பைன் நிறுவப்பட்டது. வீழ்ச்சி 2.3 மீட்டர், அதாவது ஏழரை அடி. ஆற்றல் ஏறக்குறைய 35 குதிரை சக்தி.

பெரிய எந்திரங்களில் புதிய பகை முளைத்தது. இறக்கையின் பின்புறம் அழுத்தம் குறைய, நீரே ஆவிக் குமிழிகளாகி, அக்குமிழிகள் நொறுங்கும்போது இரும்பை அரித்தன. எதிரிகளுக்கு நல்ல வாய்ப்பு! அந்த இக்கட்டிலேயே, 1922இல், காப்லான் கடும் நோயுற்றார். பாதி வழியில் பிறர் கையில் ஒப்படைக்க நேர்ந்ததை எண்ணும்போது என் மனம் வருந்துகிறது. ஸ்வீடன் நாட்டு எஞ்சினியர்கள் அப்பணியை விடாமல் தொடர்ந்தார்கள். 1920களின் நடுவில் அந்நாட்டின் லில்லா எடெட் மின்நிலையத்தில் ஆறரை மீட்டர் வீழ்ச்சியில் 11,200 குதிரை சக்தியுள்ள காப்லான் டர்பைன் ஓடியது. ஐயம் பேசியவர்கள் வாயடைத்தார்கள்.

1934 ஆகஸ்ட் 23ஆம் நாள் அவர் காலமானார். மேட்டூருக்குக் கீழே காவிரியின் கதவணை மின்நிலையங்களில் கிடைமட்டமாகச் சுழல்பவையும் அவருடைய எந்திரத்தின் வழித்தோன்றல்களே. வெல்மின் அந்த முதல் டர்பைன் 1955 வரை உழைத்துவிட்டு, வியன்னா தொழில்நுட்ப அருங்காட்சியகம் சேர்ந்தது. அதன் சுழலியின் விட்டம் இரண்டு அடிதான். எங்கள் ஆய்வுக்கூட மேசையிலேயே வைத்துவிடலாம்.