பல்கலைக்கழகம் புகுந்த துறவி

கீழை இலங்கையின் காரைதீவில் 1892 மார்ச்சு 27ஆம் நாள் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்த மயில்வாகனன், பின்னாளில் விபுலானந்த அடிகள் எனத் தமிழுலகம் போற்றும் பேராசிரியரானார். இரு நாடுகளின் பல்கலைக்கழகங்களில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய இப்பெருமகனார், மாணவராக எந்தப் பல்கலைக்கழகத்திலும் அமர்ந்து பயின்றவர் அல்லர். மட்டக்களப்பில் பள்ளிக் கல்வியும் கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் வென்றார். யாழ்ப்பாணத்தில் அறிவியல் கற்பித்துக்கொண்டே தாமே முயன்று படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டத்தை அடைந்தார். வசதியற்ற மாணவனின் இடர் எத்தகையது என்பதை அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பைத் துறந்து 1922இல் சென்னை இராமகிருட்டிண மடத்தில் சேர்ந்த அவர், 1924இல் விபுலானந்தர் என்னும் துறவுப் பெயர் பூண்டார். துறவு அவரை வகுப்பறையினின்று பிரிக்கவில்லை. இலங்கைக்கு மீண்டு இராமகிருட்டிண மிசன் பள்ளிகளைப் பேணினார். மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி வளர்த்தார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றி இரண்டாண்டுகளே கடந்திருந்த 1931இல், அடிகளார் அங்குத் தமிழ்ப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் உயர்கல்வி ஆங்கிலத்தின் கையில் இருந்தது. தமிழாசிரியர்க்கு அறிவியல் வேண்டுவதில்லை என்றும், அறிவியலார்க்குத் தமிழ் வேண்டுவதில்லை என்றும் கருதப்பட்ட காலம் அது. இவ்விரண்டையும் ஒருங்கே கற்ற அடிகளார், அப்பிளவு மாணவர்க்கு இழைக்கும் தீங்கினை உணர்ந்திருந்தார். தொல்காப்பியமும் சிலப்பதிகாரமும் கற்பித்த அதே வளாகத்தில், பாரதியாரின் பாடல்களை மாணவரிடையே பரப்பினார். பாரதியார் மறைந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. அவர் பாடல்களைப் புலமையுலகம் முழுமனத்துடன் ஏற்காத நாளில், பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அவற்றை உயர்த்திப் பிடித்தது சிறு செயலன்று. தம் காலத்துக் கவிதையும் கற்றற்குரியது என்னும் துணிவை இளைஞர் அவரிடம் பெற்றனர்.

1933இல் அப்பதவியை விடுத்து இலங்கைக்குத் திரும்பினார். ஆயினும் உயர்கல்வி தமிழில் அமைய வேண்டும் என்னும் வேட்கை தணியவில்லை. சொல் இல்லாமல் அறிவியலைத் தமிழில் கற்பித்தல் இயலாது. ஆதலின் 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அப்பணிக்கு வழிகோலினார். அதன் பயனாய்க் கலைச்சொல் தொகுதி 1938இல் வெளிவந்தது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் உருவாயிற்று. அடுத்த ஆண்டு அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் அமர்ந்தார். உடல்நலம் குன்றிய அவ்வாண்டுகளிலும் கற்பித்தலும் ஆய்வும் இணைந்தே நடந்தன. சிலப்பதிகார அரங்கேற்று காதையை அடியாகக் கொண்டு, கணிதமும் ஒலியியலும் துணைசெய்ய, வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பை ஆராய்ந்து யாழ்நூல் படைத்தார். புலவரும் அறிவியலாரும் ஒருவரேயாக நின்றாலன்றி எழுதவியலாத நூல் அது. 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியது. ஆறு கிழமைகள் கடந்து, சூலை 19இல், ஐம்பத்தைந்தாம் அகவையில் அடிகளார் மறைந்தார். அவருடல் சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற பேராசிரியர் பதவியில், அண்ணாமலையில் அவரிடம் பயின்ற க. கணபதிப்பிள்ளை அமர்ந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் கற்ற சு. வித்தியானந்தன், 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அடிகளார் துயிலும் கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியல் கற்கைகள் நிறுவகம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. வாயிலுக்கு வெளியே நின்று பட்டம் பெற்ற ஒருவர், தமக்குப் பின் வந்தோர்க்கு அவ்வாயிலைத் திறந்து வைத்துச் சென்றார். நல்லாசிரியரின் வாழ்வு மாணவர் வழியே நீளும் என்பதற்கு அடிகளாரின் வரலாறே சான்று.