இலை பதித்த பணத்தாள்
(பெஞ்சமின் பிராங்கிளின் வாழ்விலிருந்து)

அமெரிக்காவின் நூறு டாலர் நோட்டில் தோள்வரை முடி தாழ்ந்த ஒரு முதியவரின் உருவம் உள்ளது. அவர் அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவர் அப்பதவியை ஒருபோதும் வகித்ததில்லை. மின்னலை ஆராய்ந்த அறிஞராகவும், நாட்டின் விடுதலைக்கு உழைத்த தலைவராகவும் பெஞ்சமின் பிராங்கிளினை நாம் பாடநூல்களில் கற்றிருக்கிறோம். ஆனால் அவர் பணத்தாள் அச்சிட்டு வாழ்வில் உயர்ந்த ஓர் அச்சுத் தொழிலாளர் என்பதைச் சிலரே அறிவர். பழைய அமெரிக்கப் பணத்தாள்களைச் சேர்க்க விரும்பும் நம் பள்ளி மாணவர்களுக்கு அவருடைய வாழ்க்கை நல்லதொரு தொடக்கமாக அமையும் எனக் கருதியே இக்கட்டுரையை வரைகின்றோம்.

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்பவர். அவருக்குப் பிள்ளைகள் பதினேழு பேர். ஆகவே பிராங்கிளினுக்குப் பள்ளிப்படிப்பு இரண்டே ஆண்டுகளில் முடிந்தது. பன்னிரண்டாம் வயதில் அண்ணன் ஜேம்சின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அண்ணனுடன் ஏற்பட்ட பிணக்கால் 1723இல், பதினேழு வயதில், வீட்டைவிட்டு வெளியேறி, பிலடெல்பியா நகரை அடைந்தார்.

அக்காலத்தில் அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தின் ஆட்சிக்குட்பட்டிருந்தன. அங்குப் புழங்கிய வெள்ளி நாணயங்களோ இறக்குமதிப் பொருள்களுக்கு விலையாக இங்கிலாந்துக்கே சென்றுகொண்டிருந்தன. உழைக்கக் கைகள் இருந்தும், விளைய நிலம் இருந்தும், கூலி கொடுக்க நாணயம் இல்லை. இக்குறையைத் தீர்க்கவே மாசசூசெட்ஸ் 1690இல் பணத்தாள் வெளியிட்டது. பென்சில்வேனியா 1723இல் அவ்வழியைப் பின்பற்றியது. நிலத்தை அடகாகப் பெற்றுக்கொண்டு அரசு மக்களுக்குப் பணத்தாளைக் கடனாகத் தந்தது. தாம் வந்த புதிதில் பிலடெல்பியாவில் பூட்டிக் கிடந்த வீடுகளையும், பணத்தாள் வந்தபின் அங்கே தொழில் பெருகியதையும் இளைஞர் பிராங்கிளின் கண்ணாரக் கண்டார்.

1728இல் நியூஜெர்சி அரசுக்குப் பணத்தாள் அச்சிடும் பணி அவருடைய முதலாளிக்குக் கிடைத்தது. அப்பணிக்கெனப் பிராங்கிளினே செப்புத்தகட்டு அச்சு இயந்திரம் ஒன்றை அமைத்தார். நோட்டுக்குரிய அலங்காரங்களையும் செதுக்கினார். அவ்வாண்டே கூட்டாளி ஒருவருடன் சொந்த அச்சகம் தொடங்கினார். மறு ஆண்டு, இருபத்து மூன்றாம் வயதில், பணத்தாளின் தேவையை விளக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். செல்வர் பலர் எதிர்த்தபோதிலும் புதிய நோட்டுகள் வெளியிடச் சட்டமன்றம் இசைந்தது. 1731 முதல் பென்சில்வேனியாவின் நோட்டுகளை அச்சிடும் வேலையும் அவரையே வந்தடைந்தது. பொதுநலத்துக்காக வாதிட்டவரே அதனால் பொருளும் ஈட்டினார் என்ற கேள்வி இங்கு எழுவது இயல்பே. பிராங்கிளின் தம் தன்வரலாற்றில் இதனை மறைக்கவில்லை. அவ்வேலை தமக்குப் பெரிதும் ஆதாயம் தந்ததென வெளிப்படையாகவே குறித்துள்ளார்.

பணத்தாளுக்குப் பெரும்பகை கள்ள நோட்டு. கள்ள நோட்டு அடிப்போர்க்கு மரணமே தண்டனை என்று நோட்டிலேயே அச்சிட்டும் அக்குற்றம் ஓயவில்லை. தேர்ந்த செதுக்குநர் ஒருவர் செய்த எழுத்தையும் சித்திரத்தையும் மற்றொருவர் பார்த்துச் செதுக்கிவிடலாம். ஆனால் ஓர் இலையின் நரம்புகளை எவரால் அப்படியே செதுக்க இயலும்? 1730களின் பிற்பகுதியில் பிராங்கிளின் இவ்வழியைக் கைக்கொண்டார். உண்மையான இலையைச் சாந்தில் பதித்து அச்செடுத்து, அதைக்கொண்டு ஈயக்கட்டை வார்த்து, நோட்டின் பின்புறத்தில் இலையுருவைப் பதித்தார். தடிப்பான நடுநரம்பு முதல் மயிரிழை போன்ற கிளைநரம்பு வரை அதில் தெளிவாக விழுந்தது. உலகில் இரண்டு இலைகள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஆகவே, இயற்கையே அந்த நோட்டுக்கு முத்திரையிட்டது எனலாம்.

அவர் ஏறத்தாழ 25 இலட்சம் நோட்டுகள் அச்சிட்டார் என்பர். அமெரிக்காவின் நோட்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றுட் பலவற்றை ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். காகிதத்தில் நீலநிற இழைகளும் மின்னும் அப்பிரகத் துகள்களும் கலக்கப்பட்டிருந்ததையும், கரிய மையில் பென்சில் கரியாகிய கிராஃபைட் இருந்ததையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். நோட்டில் வண்ண இழை சேர்க்கும் முறை இன்றும் தொடர்வதை நாம் அறிவோம்.

1748இல், நாற்பத்திரண்டாம் வயதில், டேவிட் ஹால் என்ற கூட்டாளியிடம் அச்சகத்தை ஒப்படைத்துவிட்டு அறிவியலிலும் பொதுப்பணியிலும் ஈடுபட்டார். அக்கால நோட்டுகளில் இருவர் பெயரும் சேர்ந்தே காணப்படும். 1764இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் குடியேற்றங்களின் பணத்தாளுக்குக் கட்டுப்பாடு விதித்தபின், இலண்டனில் இருந்துகொண்டு அதற்கு மாற்றுவழி காண முயன்றார், பயனில்லை.

1775இல் விடுதலைப் போர் மூண்டது. வரி விதிக்கும் அதிகாரமற்ற காங்கிரசு, படைக்குச் செலவிடப் பணத்தாளையே நம்பியது. அந்நோட்டுகளின் சின்னங்கள் சிலவற்றைப் பிராங்கிளினே வகுத்தார். 1776இன் சில்லறை நோட்டுகளில் ஒருபுறம் சூரியக் கடிகாரம் காலத்தின் விரைவை நினைவூட்டுகிறது. மறுபுறம் பதின்மூன்று வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்து பதின்மூன்று குடியேற்றங்களின் ஒற்றுமையைக் காட்டுகின்றன. பெரிய நோட்டுகளின் பின்புறத்தில் அவருடைய இலைகள் மீண்டும் இடம்பெற்றன.

ஆயினும் இலையால் கள்ளரைத் தடுக்க முடிந்ததேயன்றி, அளவின்மையைத் தடுக்க முடியவில்லை. நோட்டுகள் வட்டியுடன் வெளியிடப்பட வேண்டுமென்று பிராங்கிளின் விரும்பினார், அது ஏற்கப்படவில்லை. 1779 முடிய 24 கோடி டாலருக்கு மேல் அச்சாயிற்று. எதிரிகளாகிய ஆங்கிலேயரும் கள்ள நோட்டுகளைப் பரப்பினர். 1780இல் நாற்பது தாள் டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் எனக் காங்கிரசே கணக்கிடும் நிலை வந்தது. சம்பளத்தை நோட்டாகப் பெற்ற போர்வீரர்களும், விளைச்சலை நோட்டுக்கு விற்ற உழவர்களும் கையில் தாளோடு நின்றனர். அப்போது பிரான்சு நாட்டில் தூதராக இருந்த பிராங்கிளின், இம்மதிப்பிழப்பு நோட்டை வைத்திருந்த ஒவ்வொருவர்மீதும் படிப்படியாக விழுந்த வரியே என்று உணர்ந்து எழுதினார். இளமையில் தாம் போற்றிய கருவி நாட்டுக்கு விடுதலையைப் பெற்றுத்தந்து எளியோரின் சேமிப்பைக் கரைத்ததையும் அவர் கண்டார்.

1785இல் தாயகம் திரும்பிய அவர், 1787இல் அரசியலமைப்பு மாநாட்டிலும் பங்கேற்று, 1790ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில் மறைந்தார். 1914 வரிசை முதல் நூறு டாலர் நோட்டில் அவருருவம் இடம்பெற்று வருகிறது.

இனி, சேர்க்கத் தொடங்குவோருக்குச் சில சொற்கள். முதலில் விலை குறைந்தவற்றிலிருந்தே தொடங்குதல் நன்று. நீல முத்திரையிட்ட 1935, 1957 வரிசை ஒரு டாலர் வெள்ளிச் சான்றிதழ்கள் எளிதில் கிடைக்கும். ஒரு காலத்தில் அவற்றைக் கொடுத்து வெள்ளி பெறலாம். 1968 ஜூன் மாதத்துடன் அவ்வசதி நின்றது. நோட்டைக் கழுவுவதும், இஸ்திரி போடுவதும், ஒட்டுநாடாவால் ஒட்டுவதும் ஆகா. தீங்கற்ற ஒளிபுகு உறையில் வைத்தல் வேண்டும். பிராங்கிளின் காலத்து நோட்டு என்று மொறமொறப்பான பழுப்புத் தாளில் விற்கப்படுபவை பெரும்பாலும் நினைவுப்பொருளாக அச்சிட்ட போலிகள். அசல் நோட்டுகளில் எண்ணும் கையெழுத்தும் பேனா மையால் எழுதப்பட்டிருக்கும். கிழிந்த நோட்டை அக்கால மக்கள் நூலால் தைத்தும் ஊசியால் கோத்தும் வைத்ததுண்டு. அத்தகைய நோட்டு கிடைப்பின், குறையுடையது என ஒதுக்காதீர்கள். அது பல கைகளில் உழைத்த நோட்டு.

வள்ளுவர் கள்ளாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பிறர் பொருளைக் கவர்வது களவெனின், பிறர் நம்பிக்கையைக் கவர்வதும் களவேயாகும். பணத்தாள் என்பது ஒருவர்க்கொருவர் தரும் வாக்குறுதி. அதைக் காக்க இலையும் வேண்டும். அளவறிந்து அச்சிடும் நேர்மையும் வேண்டும். பழைய நோட்டு ஒன்றைக் கையில் ஏந்தும்போது அதன் விலையை மட்டும் பார்க்காமல், அந்த வாக்குறுதி காக்கப்பட்டதா என்றும் நம் பிள்ளைகள் வினவுவார்களாக.