விக்ரம் சாராபாய்: தள்ளிப்போன தேதிகளும் தளராத மனிதரும்



ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் வழியாக பஸ்ஸில் வருகிற நாம், டி.வி. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்காத நாளில்லை. நம்ம சீனியர்கள் பலருக்கு அந்த லைனில்தான் வேலை. பெட்டியில் படம் தெரிய வானத்தில் ஒரு செயற்கைக்கோள் வேணும் என்று மின்னணுவியல் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் பட்டணத்து வரவேற்பறைக்கு முன்னால் குக்கிராமத்துக்கு அந்தப் பெட்டி போகணும் என்று ஒரு மனிதர் பிடிவாதமாக நின்றதும், அதற்கான செயற்கைக்கோள் மேலே போகும் முன்பே அவர் கண்ணை மூடியதும் நம் பாடத்தில் இல்லை. அதனால்தான் விக்ரம் சாராபாயைப் பற்றி எழுத இந்த மலரில் இடம் கேட்டேன்.

1919 ஆகஸ்ட் 12-ல் அகமதாபாத்தில் பிறந்தார். அப்பா அம்பாலால் பெரிய மில் முதலாளி, எட்டுப் பிள்ளைகள். நினைத்திருந்தால் மில்லைப் பார்த்துக்கொண்டு ராஜா மாதிரி இருந்திருக்கலாம். அவர் கேம்பிரிட்ஜ் போய் இயற்கை அறிவியல் படித்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஊர் திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி செய்தார். 1942-ல் நாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். கல்யாணம் நடந்தது நம்ம சென்னையில். மணமகளின் அக்காதான் பின்னால் நேதாஜி படையில் புகழ்பெற்ற கேப்டன் லட்சுமி. அந்த வகையில் சாராபாய் நமக்கு மாப்பிள்ளை முறை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை உண்டு!

போர் முடிந்து மறுபடி கேம்பிரிட்ஜ் போய் 1947-ல் டாக்டர் பட்டம் வாங்கி வந்தார். அதே ஆண்டில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. பிறகு துணி ஆலை ஆராய்ச்சி நிறுவனம், மேலாண்மைக் கல்லூரி என்று வரிசையாக நிறைய. 1962-ல் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவர். திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பா என்ற மீனவர் ஊரில், மாதா கோயிலையே ஆபீசாக மாற்றி, 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட்டை விட்டார்கள். சைக்கிள் கேரியரில் ராக்கெட் பாகம் போகிற அந்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதெல்லாம் எல்லாரும் எழுதுகிற சங்கதி. நான் சொல்ல வந்தது டி.வி. விஷயம்.

அன்றைக்கு இந்தியாவில் டி.வி. என்றால் டெல்லி மட்டும்தான். 1959-ல் தொடங்கியது. ஒரு ஒளிபரப்புக் கோபுரத்தின் அலை கண்ணுக்கு எட்டிய தூரம்தான் போகும். பூமியின் வளைவு மறைத்துவிடும். எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் நூறு கிலோமீட்டர் சுற்றளவு தாண்டுவதே கஷ்டம். அந்த வழியில் போனால் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்று பெரிய ஊர்களுக்கு முதலில் வரும், பிறகு ஜில்லா தலைநகரம், கடைசியாக, பணம் மிச்சமிருந்தால், கிராமம். சாராபாய் இதைத் தலைகீழாகப் போட்டார். பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை வைத்தால் அது பூமியோடு சேர்ந்தே சுற்றும். கீழே இருப்பவனுக்கு ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அதற்கு டெல்லியும் ஒன்றுதான், ஒரிசாவின் காட்டுக் கிராமமும் ஒன்றுதான். பயிர், சுகாதாரம், குடும்ப நலம், பள்ளிப் பாடம் எல்லாம் நேராகக் கிராமத்தில் இறங்கும். ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் கணக்குப் போட்டே பதில் வைத்திருந்தார்.

ஆனால் செயற்கைக்கோள் நம்மிடம் இல்லையே! 1969 செப்டம்பரில் அமெரிக்காவின் நாசாவோடு ஒப்பந்தம் ஆனது. அவர்களுடைய ஏ.டி.எஸ். வரிசைச் செயற்கைக்கோள் ஒன்றை ஓராண்டு நமக்குத் தருவார்கள்; தரையில் உள்ள வேலை அத்தனையும், நிகழ்ச்சி உட்பட, நம்முடையது.

இங்கேதான் சாராபாயின் குணம் எனக்குப் பிடித்தது. மேலே போகிற சாமான் வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்று அவர் கையைக் கட்டி உட்காரவில்லை. ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே, 1967-ல், அகமதாபாத்தில் சோதனைத் தரைநிலையம் ஒன்று வந்துவிட்டது. அதே ஆண்டு குடியரசு தினத்தில் டெல்லியைச் சுற்றி எண்பது கிராமங்களில் பொது டி.வி. வைத்து விவசாய நிகழ்ச்சி தொடங்கியது. கிராமத்து ஜனம் உட்கார்ந்து பார்க்குமா, பெட்டி கெட்டுப்போனால் யார் சரி செய்வது, இதையெல்லாம் செயற்கைக்கோள் இல்லாமலே படித்துக்கொள்ளலாம் இல்லையா?

அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1966-ல் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்த பிறகு அணுசக்தித் துறையும் அவர் தோளில் ஏறியது. 1969-ல் இஸ்ரோ. இத்தனையையும் ஒரே ஆள் சுமந்தார். 1970-ல் அவர் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டத்தின் தேதிகள் ரொம்ப அவசரமானவை என்றுதான் எனக்குப் படுகிறது. இந்திய ராக்கெட் இந்தியச் செயற்கைக்கோளை அந்த உயரத்துக்கு அனுப்பும் முதல் முயற்சி 2001 ஏப்ரலில்தான் நடந்தது. 1971 டிசம்பர் 30 அதிகாலை, தும்பா வேலையாக வந்து தங்கியிருந்த கோவளத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 52.

ஒப்பந்தச் செயற்கைக்கோள் அப்போது இன்னும் தரையில்தான் இருந்தது. தேதி தள்ளித் தள்ளி, ஒருவழியாக 1974 மே 30-ல் ஏறியது. ஏறியும் நமக்கு உடனே கிடைக்கவில்லை. முதல் ஓராண்டு அமெரிக்கர்கள் தங்கள் ஊர்களுக்குப் பயன்படுத்தினார்கள். பிறகு மெல்ல நகர்த்தி ஆப்பிரிக்காவின் மேலே நிறுத்தினார்கள். அந்தக் காத்திருப்பு ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று என்பேன். ஐதராபாத் ஈ.சி.ஐ.எல். பெட்டிகளைச் செய்தது. மூன்று மீட்டர் டிஷ்ஷைக் கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பிவலையிலேயே செய்தார்கள். மின்சாரம் இல்லாத ஊர்களுக்கு பேட்டரி. 1975 ஆகஸ்ட் 1-ல் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களில் படம் தெரிந்தது. சாராபாய் வளர்த்த ஆட்கள்தான் அதை நடத்தினார்கள். அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. நமக்கு அதே மாதம் 15-ஆம் தேதி மெட்ராஸ் நிலையம் வந்தது, அதாவது பட்டணத்துக்கு முதலில்!

1976 ஜூலை 31-ல் ஒப்பந்தம் முடிந்து செயற்கைக்கோள் திரும்பிப் போயிற்று. அப்புறம் மறுபடி காத்திருப்பு. நமக்கே சொந்தமான இன்சாட்-1ஏ 1982 ஏப்ரலில் ஏறியது. ஏழு ஆண்டு உழைக்க வேண்டியது. எரிபொருள் தீர்ந்து செப்டம்பரிலேயே கைவிட்டார்கள். 1983 ஆகஸ்ட் 30-ல் சேலஞ்சர் விண்கலத்தில் போன இன்சாட்-1பி-க்கும் சூரியத் தகடு விரிய மறுத்து எல்லாரையும் கதிகலங்க வைத்தது. விரிந்த பிறகுதான் 1984-ல் நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் சிறிய ஒளிபரப்பிகளை ஊர் ஊராக நிறுவ முடிந்தது. எங்க அம்மா பிறந்தது ராமநாதபுரம் கடற்கரை. டெல்லி படம் வருவதற்கு முன்னாலேயே அங்கே இலங்கை ரூபவாஹினி தெரிந்ததாம்! ஓரகடம் பக்கத்து நண்பர்கள் உயரமான ஆன்டெனா போட்டு மெட்ராஸைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரியாது.

இன்சாட்-1டி கதை இன்னும் பாவம். 1989-ல் ஏவுதளத்தில் கிரேன் கொக்கி விழுந்து அடிபட்டது. பழுதுபார்க்கக் கொண்டுபோன கலிபோர்னியாவில் நிலநடுக்கம். 1990 ஜூனில்தான் போய்ச் சேர்ந்தது. நம்மவர்களே வடிவமைத்துச் செய்த இன்சாட்-2ஏ 1992-ல் ஏறியது, அதுவும் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பிய ராக்கெட்டில்.

கிராமத்துக் கூரையிலேயே டிஷ் வைத்து நேராகப் படம் வாங்கலாம் என்ற சாராபாயின் எண்ணம் இன்றைக்கு டி.டி.எச். என்ற பெயரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. மூன்று மீட்டர் கம்பிவலை முழங்கை அளவுத் தட்டாகச் சுருங்கிவிட்டது. அதற்காகவே பன்னிரண்டு டிரான்ஸ்பாண்டர்களோடு செய்த இன்சாட்-4சி, 2006 ஜூலை 10-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஒரு நிமிடத்தில் ராக்கெட்டோடு வங்கக் கடலில் போயிற்று. அதே மாதிரி இன்னொன்றைச் செய்து, அதே வகை ராக்கெட்டில், 2007 செப்டம்பர் 2-ல் ஏற்றினார்கள்.