எஸ். கரிவரதன்

எஸ். கரிவரதன் (1954 - 1995) கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய வீரரும் பந்தய தானுந்து வடிவமைப்பாளரும் ஆவார். கரி என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்பட்டார். இவர் உருவாக்கிய பார்முலா மாருதி, இந்தியாவில் குறைந்த செலவில் தானுந்துப் பந்தயத்தில் நுழைய வழி திறந்தது.

வாழ்க்கை

இலட்சுமி ஆலைகளை நடத்திய தொழில் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் கலந்துகொண்டார். பலர் அம்பாசடர், பியட், எரால்டு போன்ற சாலைத் தானுந்துகளையே மாற்றியமைத்து அங்கு ஓட்டினர். வெளிநாட்டுப் பந்தய தானுந்துகளை இறக்குமதி செய்வது பெருஞ்செலவாக இருந்தது.

தரை உயரமும் சக்கர அசைவும்

தானுந்தைத் தாழ்த்தினால் அதன் ஈர்ப்பு மையம் கீழிறங்கும். வளைவில் உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறும் சுமை குறைவதால், டயர்களின் பிடிப்பு கூடும். ஆனால் சுருள்வில்லை வெட்டிச் சாலைத் தானுந்தைத் தாழ்த்தும்போது, சக்கரம் மேலெழுவதற்கான இடம் சுருங்குகிறது. மேட்டில் ஏறியதும் சக்கரம் ரப்பர் தடுப்பில் மோதும். பிடிப்பு திடீரென அறும். இதைத் தவிர்க்கக் கடினமான சுருள்வில்லைப் பொருத்தி, அதற்கேற்ப அதிர்வடக்கியையும் மாற்ற வேண்டும். மிகக் கடினமாக்கினாலோ கரடான தளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தாழ்த்தும்போது தொங்கலமைப்பின் கைகள் சாயும் கோணமும் மாறுவதால், சக்கரங்களின் நேர்ப்பாட்டையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். எனவே, தொடக்கத்திலேயே தாழ்வாக வடிவமைக்கப்பட்ட தானுந்தில் இச்சமநிலையை எட்டுவது எளிது.

பார்முலா மாருதி

1980களில் மாருதி 800 சந்தைக்கு வந்தபின், அதன் 796 கன செ.மீ., மூன்று உருளை எந்திரத்தைக் கொண்டு திறந்த சக்கரங்களும் ஒற்றை இருக்கையும் உடைய பந்தய தானுந்தைக் கரிவரதன் உருவாக்கினார். ஓட்டுநர் ஏறத்தாழ படுத்த நிலையில் அமர்வதால், உடலமைப்பு தரையை ஒட்டியே இருந்தது. பாகங்கள் உள்நாட்டிலேயே கிடைத்ததால் பராமரிப்புச் செலவு குறைந்தது. எல்லோருக்கும் ஒரே எந்திரம் என்பதால் ஓட்டுநரின் திறமையும் தானுந்தைச் சீரமைக்கும் நுட்பமுமே வெற்றியைத் தீர்மானித்தன.

1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்தடம் திறக்கப்பட்டது. அங்கு இவ்வகைப் போட்டிகள் நடந்தன. 2005இல் பார்முலா 1 போட்டியில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும், 2010இல் அப்போட்டிக்குச் சென்ற கருண் சந்தோக்கும் தொடக்கத்தில் பார்முலா மாருதி ஓட்டியவர்கள்.

மறைவும் நினைவும்

கரிவரதன் 1995இல் வானூர்தி விபத்தில் காலமானார். நரேன் பார்முலா 1 தடத்தில் இறங்கியதைக் காண அவர் இல்லை. கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத்தடத்துக்கு இவர் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயர் சூட்டப்பட்டது.