ஜகதீஷ் சந்திர போஸ்

சர் ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் தாவர உடலியலாளரும் ஆவார். தாவரங்கள் தூண்டலை உணர்வதை ஆராய்ந்தவர் என்றே பலரும் இவரை அறிவர். ஆயினும் நுண்ணலைகளை உண்டாக்கவும், வழிப்படுத்தவும், இரண்டாகப் பிரிக்கவும் 1894 முதல் சில ஆண்டுகளில் இவர் அமைத்த கருவிகளே அறிவியலுக்கு இவரது முதற்பெரும் பங்களிப்பாகும்.

வாழ்க்கை

இன்றைய வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அலுவலர். மகனை முதலில் வங்கமொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். கல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் லாஃபோன் பாதிரியாரிடம் இயற்பியல் பயின்ற போஸ், மருத்துவம் படிக்க இலண்டன் சென்று, உடல்நலக் குறைவால் அதைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அங்கு ராலே பிரபு இவரது ஆசிரியர்களுள் ஒருவர்.

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். அக்காலத்தில் இந்தியப் பேராசிரியர்களுக்கு ஐரோப்பியரைவிடக் குறைந்த ஊதியமே தரப்பட்டது. இதனை எதிர்த்து மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலேயே பாடம் நடத்தினார். பின்னர் முழு ஊதியமும் நிலுவையுடன் வழங்கப்பட்டது. 1887இல் இவர் மணந்த அபலா தாஸ், சென்னையில் மருத்துவம் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நுண்ணலை ஆய்வுகள்

மின்காந்த அலைகளை மெய்ப்பித்த ஹெர்ட்ஸ், ஏறத்தாழ 66 செ.மீ. அலைநீளத்தில் அவற்றின் விலகலைக் காட்ட 1.5 மீட்டர் உயரமுள்ள நிலக்கீல் முப்பட்டகம் தேவைப்பட்டது. அலைநீளத்தைக் குறைத்தால் கருவியும் சிறிதாகும் என உணர்ந்த போஸ், 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கினார். இது இன்றைய அளவில் 60 கிகாஹெர்ட்ஸ் ஆகும். ஆய்வுக்கூட வசதி ஏதுமின்றி, ஒரு சிற்றறையில், தகர வேலை செய்பவர் ஒருவரின் துணையோடு இக்கருவிகளைச் செய்தார். குழாய் வடிவ அலைவழிகாட்டி, கூம்பு ஏற்பி, கலீனா உணரி ஆகியன இவற்றுள் அடங்கும். பக்கங்களுக்கிடையே தகரத்தாள் செருகிய இரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றும் அலைமுனைவாக்கியாக உதவியது!

1897இல் வெளியான இரட்டை முப்பட்டக ஆய்வு தனித்துச் சொல்லத்தக்கது. முப்பட்டகத்தின் உட்புறத்தில் போதிய சாய்வில் விழும் அலை முழு அக எதிரொளிப்பு அடைந்து திரும்பிவிடும். எனினும் அலையின் புலம் மேற்பரப்புக்கு வெளியே சிறிது தொலைவு கசிந்து நிற்கும். அங்கே இரண்டாவது முப்பட்டகத்தை நெருக்கமாக வைத்தால் அலையின் ஒரு பகுதி இடைவெளியைத் தாண்டிச் செல்லும், எஞ்சியது எதிரொளிக்கும். இடைவெளியை மாற்றினால் இரு பங்குகளின் விகிதமும் மாறும். கண்ணுறு ஒளியில் இவ்விடைவெளி மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். நுண்ணலையில் அதனைச் சாதாரண அளவுகோலாலேயே அளக்கலாம். அலைநீளம் கூடினால் முழு எதிரொளிப்புக்குத் தேவைப்படும் இடைவெளியும் கூடும் என்று போஸ் அளந்து காட்டினார். இன்று ஒளியிழை லேசர்களில் ஒளியைப் பிரித்தெடுக்கும் உருக்கி இணைத்த இழைப் பிரிப்பான்களும் இவ்வகைக் கசிவையே பயன்படுத்துகின்றன.

காப்புரிமை

கண்டுபிடிப்புகளைப் பொருளாக்க போஸ் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் 1901இல் விண்ணப்பித்த கலீனா உணரிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தும், அதனைப் பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டுவிட்டார். கம்பியில்லாத் தந்தி நெடுந்தொலைவு செல்லும் நீண்ட அலைகளை நாடியதும், அவரே தாவர ஆய்வுக்குத் திரும்பியதும் சேர்ந்து, மில்லிமீட்டர் அலைக் கருவிகள் பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டன.

பிற்காலம்

1917இல் சர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920இல் அரச கழக உறுப்பினரானார். கிரிதி நகரில் காலமானார். 1990களில் அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த 12 மீட்டர் வானொலித் தொலைநோக்கியின் 1.3 மில்லிமீட்டர் அலைவாங்கியில், போஸின் 1897ஆம் ஆண்டுக் கருத்துகள் பயன்படுத்தப்பட்டன.