பஞ்சைப் பதம் செய்த பெரியார்: மகன்லால் காந்தி

நூல் என்னும் சொல் தமிழில் ஆடைக்குரிய இழையையும் உணர்த்தும். அறிவுக்குரிய ஏட்டையும் உணர்த்தும். பனுவல் என்பதும் அவ்வாறே. நூற்பதற்கு ஆயத்தமாக்கிய பஞ்சுக்கும் அது பெயர். புலவன் யாத்த நூலுக்கும் அது பெயர். பன்னுதல் என்னும் வினையோ பஞ்சைச் சிக்கறுத்தலையும், ஒரு பொருளை ஆராய்ந்து சொல்லுதலையும் ஒருங்கே சுட்டி நிற்கின்றது. சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்த நன்னூலாரின் கருத்து மாணாக்கர் யாவரும் அறிந்ததே. இச் சொல்வழக்குகளை நோக்குமிடத்து, நூற்றலுக்கு முன் நிகழும் பன்னுதலாகிய தொழிலை நம் முன்னோர் எத்துணை உன்னிப்பாகக் கண்டிருந்தனர் என்பது புலனாகும்.

பருத்தி நேரே நூலாவதில்லை. கொட்டையை நீக்கிய பின்னரும் இழைகள் ஒன்றோடொன்று பிணங்கிக் கட்டிபட்டுக் கிடக்கும். சருகும் தூசியும் அவற்றோடு விரவியிருக்கும். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளைகள் வைகாசிக் காற்றிலே பறந்துவரும் இலவம் பஞ்சைத் துரத்திப் பிடித்து விளையாடுவர். பார்வைக்கு அதனினும் மென்மையான பஞ்சு இல்லை. எனினும் அது தலையணைக்கு உதவுமேயன்றி நூலுக்கு உதவாது. அதன் இழை வழுக்குந் தன்மையது. முறுக்கினால் ஒன்றையொன்று பற்றாது. பருத்தியிழையோ பற்றும் இயல்பினது. அப் பற்றும் இயல்பே சிக்குக்கும் காரணமாகின்றது. ஆதலால் இழைகளைப் பிரித்து, அழுக்ககற்றி, ஒரு தன்மையாகப் பரப்பித் திரியாக்கிய பின்னரே நூற்றல் வேண்டும். திரி செம்மையாயின் நூல் செம்மையாகும். திரி பழுதாயின் எத்துணைச் சிறந்த இராட்டையும் பயன்படாது.

இவ்வுண்மையைத் தம் வாழ்நாட் பணியாற் பாரத நாட்டுக்கு எடுத்துக்காட்டியவர் மகன்லால் காந்தி. காந்தியடிகளின் பெருநிழலிலே வாழ்ந்தமையால் அவரது தனிப் புகழை நம்மிற் பலர் மறந்துவிட்டனர்.

மகன்லால் 1883ஆம் ஆண்டிலே பிறந்தவர். காந்தியடிகளின் ஒன்றுவிட்ட சகோதரராகிய குஷால்சந்த் காந்தி இவருடைய தந்தையார். பொருள் தேடும் நோக்குடன் 1903ஆம் ஆண்டளவில் காந்தியடிகளைத் தொடர்ந்து தென்னாபிரிக்கா சென்றார். நேட்டாலிலே கடை வைத்து வாணிகம் செய்தார். வாணிகத்திலேயே நிலைத்திருந்தால் பெருஞ் செல்வராயிருப்பார் என்பது அவரை நன்கறிந்தோர் கருத்து. ஆயின், 1904ஆம் ஆண்டிலே டர்பன் நகருக்கு அணித்தாகப் பீனிக்ஸ் குடியிருப்பு அமைக்கப்பட்டபோது, கடையைத் துறந்து எளிய வாழ்வை மேற்கொண்டு அங்கே சென்றார். அதன்பின் அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

பீனிக்ஸில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ என்னும் வார இதழ் அச்சாகி வந்தது. அங்கிருந்தோர் யாவரும் எழுத்துக் கோத்தல் பயின்றனர். அதற்குமுன் ஒரு கருவியையேனும் தொட்டறியாத மகன்லால் அனைவரையும் விஞ்சி நின்றார். எழுத்துக் கோத்தலோடு அமையாது அச்சுத்தொழிலின் ஏனைய பகுதிகளையும் விரைவிற் கைவசப்படுத்தினார். கருவியின் உள்ளியல்பை அதனோடு பழகியே அறியும் ஆற்றல் அவரிடம் இயற்கையாக அமைந்திருந்தது. தென்னாபிரிக்க அறப்போரிலே தமிழ்த் தொழிலாளர் பெரும்பங்கு கொண்டமையின், தமிழறிவு வேண்டுமெனக் காந்தியடிகள் விரும்பினார். அவ்விருப்பத்துக்கிணங்க மகன்லால் தமிழும் பயின்றார் என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது.

அறப்போருக்குப் பெயர் வேண்டுமென்று இதழிலே பரிசு அறிவிக்கப்பட்டபோது, ‘சதாக்கிரகம்’ என்னும் பெயரை வழங்கியவர் இவரே. நற்செயலில் உறுதியாக நிற்றல் என்பது அதன் பொருள். காந்தியடிகள் அதனைச் சிறிது திருத்திச் ‘சத்தியாக்கிரகம்’ ஆக்கினார். உலகெங்கும் வழங்கும் அச் சொல்லின் தோற்றத்தில் மகன்லாலுக்கும் பங்குண்டு.

1914ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்க வாழ்வு முடிவுற்றது. பீனிக்ஸ் மாணவர்களையும் ஏனையோரையும் பாரதத்துக்கு அழைத்துவந்து, முதலிற் காங்கிரி குருகுலத்திலும் பின்னர்ச் சாந்திநிகேதனத்திலும் அவர்களைப் பேணியவர் மகன்லால். 1915 மே மாதம் 25ஆந் திகதி அகமதாபாத்தை அடுத்த கோச்ரப்பிலே சத்தியாக்கிரக ஆச்சிரமம் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே தூதாபாய் என்பவரின் தாழ்த்தப்பட்ட குடும்பம் ஆச்சிரமத்திற் சேர்க்கப்பட, பொருளுதவி செய்தவர்கள் கைவிட்டனர். அடுத்த மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லையென்று காந்தியடிகளிடம் அறிவிக்கும் கடமையும் மகன்லாலுக்கே வாய்த்தது. அவருடைய இல்லத்தாருக்கும் அச் சேர்க்கை முதலிலே உவப்பாயிருக்கவில்லை. குடும்பத்துடன் சில மாதங்கள் ஆச்சிரமத்தை விட்டகன்ற அவர், சென்னைக்குச் சென்று நெசவு பயின்று மீண்டார். மனக்கசப்பிலே தோன்றிய பிரிவையும் கல்விக்குரிய காலமாக்கிக்கொண்ட பண்பு போற்றத்தக்கது. 1917ஆம் ஆண்டிலே ஆச்சிரமம் சபர்மதி ஆற்றங்கரைக்கு மாறியபோது, வெறுநிலத்திலே குடியிருப்புகளை எழுப்பும் பொறுப்பையும் அவரே ஏற்றார்.

ஆச்சிரமத்தார் முதலில் மேற்கொண்டது கைந்நெசவு. அவர்களுள் ஒருவரேனும் பரம்பரைத் தொழிலாளர் அல்லர். பாலன்பூரிலிருந்து நெசவறிந்த ஒருவர் வரவழைக்கப்பட்டார். ஆயினும் தம் தொழிலின் நுட்பம் முழுவதையும் அவர் கற்பிக்கவில்லை. மகன்லால் மனந் தளராது தறியோடு தாமே பழகி எஞ்சிய நுட்பங்களைக் கண்டறிந்தார், பிறர்க்கும் கற்பித்தார். பின்னர் அவர் ஏற்ற பணி யாவற்றுக்கும் இதுவே அடிப்படையாயிற்று. தொழில்நுட்பம் மறைபொருளாக இருத்தலாகாது. கற்க விரும்பும் எவர்க்கும் அது விளங்க வேண்டும்.

நெசவுக்கு வேண்டிய நூல் ஆலையிலிருந்தே வந்தது. கைந்நூல் வேண்டுமெனத் தேடியபோது, கங்காபென் மஜும்தார் என்னும் அம்மையார் பரோடா அரசைச் சார்ந்த விஜாப்பூரிலே, பரணில் உறங்கிக்கிடந்த இராட்டைகளைக் கண்டுபிடித்தார். பெண்கள் நூற்க இசைந்தனர். ஆயின் பஞ்சுத் திரிக்கு வழியில்லை. பம்பாயிலே ஆலையுடைய உமர் சோபானி திரிகளை உதவினார். இராட்டைகள் ஓயாது சுழன்றன. மகன்லால் இராட்டையைத் திருத்தியமைத்தார். ஆச்சிரமத்திலேயே இராட்டையும் அதன் உறுப்புகளும் செய்யப்பட்டன.

இந்நிலையிலே காந்தியடிகளின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. ஆலைத்திரியைக் கொள்ளலாமெனில் ஆலைநூலைக் கொள்வதில் என்ன குற்றம்? ஆலைகள் தோன்றாத பண்டை நாளிலே திரி செய்தவர் யார்? விடை தேடப்புகுந்தபோதுதான் சங்கிலியின் நலிந்த கண்ணி பன்னுதலே என்பது தெளிவாயிற்று. கங்காபென் மாதம் 35 ரூபா சம்பளத்திற்குப் பஞ்சு பன்னும் ஒருவரை அமர்த்தி, இளைஞர்களுக்குத் திரி செய்யப் பழக்கினார். பம்பாயிலே மணிபவனத்தில் தங்கியிருந்த காந்தியடிகளோ, வீதிவழியே நாளும் செல்லும் பஞ்சு கொட்டுவோனின் வில்லொலியைக் கேட்டு அவனை அழைப்பித்தார். மெத்தைக்குப் பஞ்சு கொட்டுபவன் அவன். திரிக்கும் கொட்டித் தர உடன்பட்டான். கூலியை மட்டும் மிகுதியாகக் கேட்டான். கேட்டதைக் கொடுப்பதன்றி வேறு வழியிருக்கவில்லை. நூற்பவர் ஆயிரவர் இருப்பினும், பன்னுவார் இலராயின் அவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதே.

இவ்விடத்து மேனாட்டு வரலாற்றையும் சிறிது நோக்குதல் பொருந்தும். ஐரோப்பாவிலே கம்பிப் பற்கள் பதித்த இரு பலகைகளுக்கிடையே பஞ்சை வைத்து இழுத்துப் பன்னினர். 1748ஆம் ஆண்டிலே லூயிஸ் போல் என்பார் அப் பற்களைச் சுழலும் உருளையிற் பதித்து உரிமை பெற்றார். நாவிதராக வாழ்வைத் தொடங்கிய ரிச்சாட் ஆர்க்கிரைட், 1775இலே பெற்ற உரிமையில், உருளையினின்று பஞ்சை இடையறாத படலமாக வாங்கும் சீப்புப் பொறியையும் சேர்த்துக்கொண்டார். அது பிறர் கண்டுபிடிப்பு என்ற வழக்கெழுந்து, 1785ஆம் ஆண்டிலே அவ்வுரிமை நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. கண்டவர் யாவராயினும் பயன் பெரிது. பன்னுதல் ஓயாது நிகழ்ந்ததால் ஆலை ஓயாது நூற்றது. அவ்வாலை நூலும் துணியும் கடல்கடந்து வந்து நம் சிற்றூர்களின் கதிர்களை ஓயச் செய்தன. இங்கிலாந்திலே ஆலைத்தொழில் வளர்ந்தமைக்குப் பன்னும் பொறி ஒரு காரணம். பாரதத்திலே கைத்தொழில் மீள இயலாமைக்குப் பன்னுவோர் இன்மை ஒரு காரணம்.

ஆலையின் பெரும்பொறியைக் குடிசைக்குக் கொணர்தல் அன்று இயலாது. பரம்பரைத் தொழிலாளரின் வில்லோ பெரியது, கூரையிலிருந்து தொங்கவிடப்படுவது. விலங்கின் குடரை முறுக்கிச் செய்த நாணைப் பஞ்சின்மேற் படியவைத்து மரக்கருவியால் அடிப்பர். நாண் அதிருந்தோறும் இழைகள் பிரிந்து மேலெழும். கனத்த தூசி கீழே உதிரும். பெருவில்லை ஆளுதற்கு வன்மையும் நெடுநாட் பழக்கமும் வேண்டும். ஆகவே, நூற்கும் பெண்ணே தன் இல்லத்தில் வைத்தாளத்தக்க சிறுவில்லும் நடுத்தர வில்லும் ஆச்சிரமத்தாரால் வழக்கிற்குக் கொண்டுவரப்பட்டன. பன்னிய பஞ்சை மெல்லிய குச்சியிலே சுற்றிப் பலகைமேல் உருட்டிக் குச்சியை உருவினால் திரி ஆயத்தமாகும். கொட்டை நீக்குதல், பன்னுதல், நூற்றல், நெய்தல் ஆகிய நான்கும் ஒரே கல்வியின் படிகளாக அங்கே கற்பிக்கப்பட்டன. அக் கல்விக்குத் தலைநின்றவர் மகன்லால். ‘சர்க்கா சாஸ்திரம்’ என்னும் அவரது நூல் இத் தொழிலறிவை எழுத்திலே நிலைபெறச் செய்தது.

1921ஆம் ஆண்டிலே காங்கிரஸ் மகாசபை 20 இலட்சம் இராட்டைகளை நாட்டிலே சுழலச் செய்யத் தீர்மானித்தது. இராட்டை பெருகியது, நூலின் தரம் பெருகவில்லை. முடிச்சும் மொத்தையும் நிறைந்த நூலை நெசவாளர் தறியில் ஏற்ற மறுத்தனர். 1924இலே பெல்காமிற் கூடிய மகாசபை, உறுப்பினர் மாதந்தோறும் 2,000 கெஜம் சீரான நூல் அளித்தல் வேண்டுமென விதித்தது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் சபர்மதிக்கு வந்த நூலைச் சோதித்து, நொய்மைக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் காரணங்கண்டு உரைப்பது மகன்லாலின் பணியாயிற்று. தேசப்பற்று மிகுந்திருந்தும் பலருடைய நூல் அறுந்துபோயிற்று. பற்று மட்டும் நூலை முறுக்காது என்பதை அவர் நயமாகவும் உறுதியாகவும் உணர்த்தினார். 1925 செப்டெம்பர் 22ஆந் திகதி பாட்னாவிலே அகில இந்திய நூற்போர் சங்கம் நிறுவப்பெற்றபோது அவர் அதன் செயற்குழுவிலும் அமர்ந்தார்.

1927 நவம்பரிலே காந்தியடிகள் இலங்கைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எழுந்தருளிக் கதர்நிதி திரட்டியதை நம் மூத்தோர் வழியாகக் கேட்டிருக்கின்றோம். ஈழத்தவர் அளித்த காசும் சேர்ந்த அப் பணியின் நுட்பப் பொறுப்பைச் சபர்மதியிலே தாங்கியவர் மகன்லால்.

ஆயின், அடுத்த ஆண்டே அவர் வாழ்வு முடிந்தது. பீகாரிலே பெண்களின் முகத்திரை வழக்கத்தை ஒழிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த தம் மகள் இராதாவைக் காணச் சென்றவர், நோயுற்று 1928 ஏப்பிரில் 23ஆந் திகதி பாட்னாவிலே காலமானார். தம் பணிகள் யாவற்றுக்கும் வழித்தோன்றலாகத் தாம் கருதியிருந்த ஒருவரைக் காந்தியடிகள் இழந்தார். கணவனை இழந்த பெண்ணின் நிலையோடு தம் நிலையை ஒப்பிட்டு அவர் வருந்தினார் எனின், அவ்விழப்பின் ஆழத்தை வேறு சொற்களால் அளத்தல் வேண்டா.

பெரியோர் மறைந்தாலும் அவர் எழுப்பிய வினா மறையாது. 1929ஆம் ஆண்டிலே நூற்போர் சங்கம், சிறந்த இராட்டைக்கு ஓர் இலட்சம் ரூபா பரிசு அறிவித்தது. அதன் விலை 150 ரூபாவை மிஞ்சலாகாது; சிற்றூர்ப் பெண் ஒருத்தி எட்டு மணிநேரம் பெருவருத்தமின்றி இயக்கத்தக்கதாதல் வேண்டும்; கைத்திரியை ஏற்க வேண்டும், அன்றேல் பஞ்சு பன்னும் உறுப்பும் அதனோடு அமைய வேண்டும். கதரியக்கம் பொறியை வெறுத்தது என்பார் இந் நிபந்தனைகளை ஊன்றி நோக்குவாராக. அது வேண்டியது பொறியின்மை அன்று. ஏழை தன் வீட்டிலே தானே ஆளத்தக்க பொறி. பிரபுதாஸ் காந்தி அமைத்த, காலால் இயக்கி இரு கையாலும் நூற்கும் இராட்டைக்கு மகன் சர்க்கா என்று பெயரிடப்பட்டது. 1938ஆம் ஆண்டிலே வார்தாவில் திறக்கப்பட்ட கிராமத் தொழிற் காட்சிச்சாலையும் மகன் சங்கிரகாலயம் எனப்பட்டது. பின்னர்த் தமிழகத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் அமைத்த அம்பர் இராட்டைத் தொகுதியிலே பன்னும் கருவியும் சேர்ந்திருந்தது.

எனினும் இன்று பாரதத்தின் கதர் நிலையங்கள் பலவற்றிற்கு வேண்டிய திரி, கதர்க் கிராமத்தொழில் ஆணையத்தின் மத்திய ஆலைகளிலிருந்தே செல்கின்றது. திரி சீராகக் கிடைப்பதால் நூலும் சீராகின்றது. நூற்பவர் உழைப்பும் குறைகின்றது. இந் நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. ஆயினும் உமர் சோபானி அளித்த திரியைக் கண்டு எழுந்த அப் பழைய ஐயம் மீண்டும் நம்முன் நிற்கின்றது. வேகத்தை நாடி ஆர்க்கிரைட் பொறியைத் திருத்தினார். தன்னாட்சியை நாடி மகன்லால் வில்லையும் இராட்டையையும் திருத்தினார். இவ்விரு நோக்கங்களும் ஒரே பொறியில் இன்னும் முற்றாகக் கூடவில்லை. அவற்றைக் கூட்டுவிக்கும் அறிஞர் எதிர்காலத்தில் எழுவாராயின், பஞ்சின் சிக்கோடு பொருளாதாரச் சிக்கொன்றையும் பன்னித் தீர்த்தவர் ஆவர். அத்தகையோர் கற்கத்தக்க முதற்பாடம், புகழை நாடாது பஞ்சினருகே அமர்ந்து உழைத்த மகன்லாலின் வாழ்க்கை.