கிளாரிந்தா அம்மையார்

திருச்சபையின் சரித்திரம் எழுதுவோர் பெரும்பாலும் குருமாரின் பெயர்களையே வரிசைப்படுத்தி எழுதிச் செல்வர். இன்ன ஆண்டில் இன்ன ஐயர் கப்பலிறங்கினார், இன்ன ஊரில் தங்கினார், இத்தனை பேர்க்கு ஞானஸ்நானம் அளித்தார், இன்ன நாளில் உறக்கமெய்தினார் என்பன ஏடுகளில் நிரம்பக் கிடக்கின்றன. அந்த ஐயர் வராத ஞாயிறுகளில் கதவைத் திறந்தவர் யார், விளக்கிற்கு எண்ணெய் வார்த்தவர் யார், வந்தோரை அழைத்து உட்காரச் செய்தவர் யார் என்பதை அவ்வேடுகளில் தேடினால் பெரும்பாலும் காண்பதற்கில்லை. திருநெல்வேலிச் சபையின் சரித்திரமோ இவ்வழக்கத்திற்கு மாறாகத் தொடங்குகின்றது. 1780-ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற அதன் அங்கத்தினர் அட்டவணையில் முதற்கண் நிற்பது ஒரு பெண்ணின் பெயர். அவர் குருவும் அல்லர், உபதேசியாரும் அல்லர், ஊதியம் பெற்ற ஊழியரும் அல்லர். சபையின் அங்கத்தினர் என்னும் ஒன்றையன்றி வேறு பதவி அவர்க்கு இருந்ததில்லை. அப்பெயர் கிளாரிந்தா என்பது.

அக்காலத்துப் பாளையங்கோட்டை இக்காலத்துக் கல்லூரிகளும் பள்ளிகளும் மலிந்த நகரம் அன்று. தாமிரவருணியின் கீழ்கரையில் கோட்டையொன்றும், அதனுள் கும்பினியாரின் படையும், அப்படையை நம்பிப் பிழைக்கும் மக்களும் உள்ள இடமே அது. ஆர்க்காட்டு நவாபின் வரிக்கும் பாளையக்காரரின் மறுப்பிற்கும் இடையில் நாடு அல்லலுற்ற காலம். தரங்கம்பாடியிலும் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் இருந்த மிஷனெரிமார்க்குப் பாளையங்கோட்டை தொலைதூரத்து ஊர். எனினும் அவ்வூரில் சுவிசேஷம் ஏற்கனவே பேசப்படுகின்றது என்னும் செய்தி 1771-இலேயே சுவார்ட்ஸ் ஐயர்க்கு எட்டியிருந்தது. பேசியவர் யாவர்? சவரிமுத்து என்னும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் கோட்டையிலுள்ளார்க்கு வேதத்தை வாசித்துக் காட்டிவந்தார். தமிழ்ச் சபையைச் சார்ந்த பெண்ணை மணந்திருந்த ஆங்கில சார்ஜெண்டு ஒருவர், கிறிஸ்துவை அறிய விரும்பிய கணக்கர் ஒருவர்க்கு ஜெபங்களைக் கற்பித்ததோடு அமையாது தாமே ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார். குருப்பட்டம் பெறாதவர் அவ்வாறு செய்தது ஐயர்க்கு மனவருத்தத்தை விளைத்தது. அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் அனுப்பப்பட்டவர் எவரும் வருமுன் அனுப்பப்படாதவர் இருவர் அங்கே வேலை தொடங்கிவிட்டனர் என்பது நாம் குறித்துக்கொள்ளத் தக்கது. கிளாரிந்தா அம்மையார் வந்து சேர்ந்தது இத்தகைய ஊருக்கே.

அம்மையார் தஞ்சையில் வாழ்ந்த மராட்டியப் பிராமண குலத்தில் தோன்றியவர். அக்குலத்து ஒருவர்க்கு மனைவியாகி, இளமையிலேயே கைம்மை எய்தினார். அவர்க்கு முதலில் இடப்பட்ட பெயர் கோகிலா என்றும், கணவனோடு உடன்கட்டை ஏற இருந்த வேளையில் ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவர் அவரைக் காத்தார் என்றும் செவிவழிச் செய்திகள் வழங்குகின்றன. பத்மாவதி சரித்திரத்தால் தமிழுலகு நன்கறிந்த அ. மாதவையா 1915-இல் இவ்வம்மையார் பெயராலேயே ஆங்கிலத்தில் ஒரு நாவல் இயற்றினார். அந்நூல் சுவைமிக்கது, ஆனால் அது கற்பனை கலந்த கதை. அதிற் கண்டவற்றைச் சரித்திரமென்றே மேடைகளில் எடுத்துரைப்பார் உளர். அவ்வம்மையாரின் புகழுக்கு அத்தகைய அலங்காரம் வேண்டுவதன்று.

உறுதியாக அறியக்கிடப்பது இதுவே. லிட்டில்டன் என்னும் அவ்வதிகாரியோடு அவர் வாழ்ந்தார். திருமணம் நடைபெறவில்லை, நடத்திக்கொள்வதாக அவர் வாக்களித்திருந்தார் என்பர். அவரிடமிருந்தே அம்மையார் ஆங்கிலமும் கற்றார், கிறிஸ்து மார்க்கத்தின் சாரத்தையும் கற்றார். கற்றது நெஞ்சிற் பதிந்தது. சோழநாட்டில் ஊழியம் செய்துவந்த சுவார்ட்ஸ் ஐயரை அடைந்து தமக்கு ஞானஸ்நானம் அளிக்குமாறு வேண்டினார். ஐயர் மறுத்துவிட்டார். மணமாகாத நிலையில் ஒருவரோடு வாழ்ந்துகொண்டு சபையிற் சேர இயலாது என்பதே மறுப்பின் காரணம்.

இம்மறுப்பைப் பற்றிச் சிறிது நின்று நோக்குதல் தகும். சுவார்ட்ஸ் ஐயர் கடின சித்தம் உடையவர் அல்லர். தஞ்சை அரசரும் மைசூர் ஐதரும் ஒருங்கே நம்பிய உத்தமர். அவர் கையாண்ட விதியும் சபை தன் தூய்மையைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வைத்த விதியே. ஆனால் அவ்விதி இருவர்க்கும் பொதுவாயிருந்தும் அதன் பாரம் ஒருவர் தலையிலேயே விழுந்தது. லிட்டில்டன் கிறிஸ்தவ நாட்டிற் பிறந்தவர்; ஞானஸ்நானத்தை எவரிடமும் இரந்து பெறவேண்டிய நிலை அவர்க்கு இல்லை. மணம் முடிப்பதும் முடியாதிருப்பதும் அவர் கையில் இருந்தது. அதன் பலனை அனுபவித்தவரோ அம்மையார். குலத்தார் அவரைத் தள்ளினர். அவர் நாடிச் சென்ற சபையும் வாயிலிலேயே நிறுத்தியது. விதி சரியே என்று கொண்டாலும், அதைச் சொல்லவேண்டிய இடத்தில் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து.

இவ்விடத்தே தமிழ் பயில்வார்க்கு மாதவியின் நினைவு வாராதிராது. கோவலன் இறந்தான் எனக் கேட்டபின் அவள் அறவண அடிகளை அடைந்தாள். அவ்வடிகள் அவளுடைய பழைய வாழ்வை விசாரித்துக்கொண்டிராமல் அறத்தை உரைத்தார். ஒப்புமை இவ்வளவோடு நிற்கும். மாதவி உலகைத் துறந்தாள். கிளாரிந்தாவோ துறவு பூணவில்லை. அவர் வேண்டியது சபை. அதாவது தம்மைப்போன்ற பலரோடு கூடியிருக்கும் ஓர் இடம்.

லிட்டில்டன் பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டபோது அம்மையாரும் உடன் சென்றார். அங்கே அவர் நோயுற்றுக் கிடந்த காலத்தில் அம்மையார் அருகிருந்து பணிவிடை செய்தார். அவர் இறந்தபின் அவருடைய பொருள் அம்மையார்க்கு உரியதாயிற்று என்பர். பொருளும் விடுதலையும் ஒருசேர வந்த அந்நாளில், தம்மை ஒருமுறை திருப்பியனுப்பிய சபையை அவர் மறந்துவிட்டிருப்பாராயின் யார் குறைகூறுவார்? அவர் மறக்கவில்லை. 1778-இல் சுவார்ட்ஸ் ஐயர், கோட்டையிலிருந்த ஆங்கிலேயர்க்கு ஊழியம் செய்யும் பொருட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்தார். அம்மையார் மீண்டும் அவர்முன் சென்று அதே வேண்டுகோளைச் செய்தார். இம்முறை தடையில்லை. கிளாரிந்தா என்னும் பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார்.

ஐயர் தஞ்சைக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் ஏழாண்டுகள் அவர் பாளையங்கோட்டைப் பக்கம் வரவில்லை. என் எண்ணத்தில், அம்மையாரின் சரித்திரத்திற்கு உயிர்நிலை இந்த ஏழாண்டுகளே. குரு இல்லை, கோவில் இல்லை. இவற்றையெல்லாம் வைத்துச் சபையென்று சொல்லும் நமக்கு, அங்கே இருந்ததற்கு என்ன பெயரிடுவது என்பது விளங்காது. இருந்தது ஓர் அம்மையாரும், அவர் இல்லத்தைச் சூழ்ந்து கூடிய சிலருமே. இரண்டாண்டுகளில் அச்சிலர் நாற்பதின்மர் ஆயினர். 1780-ஆம் ஆண்டு அட்டவணை இந்நாற்பதின்மரின் பெயர்களைக் கொண்டது. பின்னாளில் கால்டுவெல் அத்தியட்சர் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் சரித்திரத்தில் இவ்வட்டவணையைப் பற்றி விரிவாக எழுதினார். அம்மையார் பெயரை அடுத்து, லிட்டில்டன் பெயரையே இட்டு அவர் வளர்த்த மகனின் பெயரும், அவருடைய பணிப்பெண்ணின் பெயரும் வருகின்றன. எசமானியும் பணிப்பெண்ணும் ஒரே ஏட்டில் ஒருவர்பின் ஒருவராக எழுதப்பட்ட செய்தி சிறிதாகத் தோன்றலாம். அந்நாற்பதின்மர் பற்பல குலத்தினர் என்பதையும், பட்டியலின் தலைப்பில் நின்றவர் பிராமண குலத்திற் பிறந்தவர் என்பதையும், ஆண்டு 1780 என்பதையும் சேர்த்து எண்ணுக. பிற்காலத்தில் சாதி காரணமாகத் தமிழ்நாட்டுச் சபைகள் பட்ட பாட்டை அறிந்தவர் இதைச் சிறிதென்று தள்ளார்.

அந்நாற்பதின்மருள் ஒரு சிறுவனும் இருந்தான். தேவசகாயம் என்னும் புலவரின் மகன், 1774-இல் பிறந்தவன், வேதபோதகம் என்பது அவன் பெயர். அவனைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

உள்ளவர்களைக் கொண்டு வழிபாடு நடத்துதல் இயலும். ஆனால் போதகம் வேண்டும், ஒழுங்கு வேண்டும், திருவிருந்து வேண்டும். அதன் பொருட்டு அம்மையார் தஞ்சைக்குப் புறப்பட்டுச் சென்று சுவார்ட்ஸ் ஐயரைக் கண்டு, தம் ஊருக்கு நிலையான ஓர் உபதேசியாரைத் தருமாறு வேண்டினார். மதுரை வழியாகச் சென்றால் ஏறக்குறைய 200 மைல். இருப்புப்பாதை இல்லை, நல்ல சாலையும் அரிது. பாளையக்காரர் பூசலால் தென்னாட்டு வழிகள் அச்சம் தருவன. 1780 முதல் 1784 வரை ஐதரும் அவர் மைந்தர் திப்புவும் கும்பினியாரோடு செய்த போரில் தஞ்சை நாடு பாழ்பட்டுப் பஞ்சத்தால் மடிந்துகொண்டிருந்தது. பசித்தவர்க்கு உணவளிப்பதிலேயே ஐயரின் நாட்கள் கழிந்தன. இத்தகைய காலத்தில் தொலைவிலுள்ள நாற்பது பேர்க்காக ஓர் ஆளை ஒதுக்குவது எளிதன்று. கடிதம் எழுதினால் மறுத்துவிடலாம். நேரில் வந்து நிற்பவரை மறுப்பது அரிது. ஒருமுறை மறுப்பை நேரிற் கேட்டிருந்த அம்மையார் இதை நன்கு அறிந்திருப்பார் என்றே தோன்றுகின்றது.

இதனிடையே அவர் மற்றொரு வேலையையும் மேற்கொண்டார். கோட்டைக்குள் ஒரு கோவில் கட்டத் தொடங்கினார். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கட்டடம் அது. கோட்டையிலிருந்த ஆங்கிலேயருள் சிலர் உதவி செய்தனர். எனினும் முயற்சியும் பெரும்பொருளும் அம்மையாருடையன. 1785-இல் சுவார்ட்ஸ் ஐயர் இரண்டாம் முறையாகப் பாளையங்கோட்டைக்கு வந்து அதனைப் பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலி நாட்டில் புரோட்டஸ்டண்டுச் சபையார் கட்டிய முதற் கோவில் இதுவே. ஏழாண்டுகளுக்குமுன் ஒரு கைம்பெண்ணுக்கு ஞானஸ்நானம் அளித்துச் சென்ற ஐயர் திரும்பி வந்தபோது, கூடிய சபையையும் முடிந்த கட்டடத்தையும் கண்டார். அவர் செய்யவேண்டியிருந்தது அதனை அர்ப்பணிப்பதும், அவர்கள் நெடுநாளாகக் கேட்ட ஆளைத் தருவதுமே. சத்தியநாதன் என்னும் சிறந்த உபதேசியாரைத் தந்தார்.

சத்தியநாதனார் 1790-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தஞ்சையிலே குருப்பட்டம் பெற்றுத் திரும்பிவந்து திருநெல்வேலிச் சபைக்குத் தமிழ்க் குருவாக விளங்கினார். அடுத்த ஆண்டு யேனிக்கே ஐயரும் வந்து சேர்ந்தார். இவ்வாறு குருமார் வந்தபின் ஏடுகளில் அம்மையாரின் பெயர் வரவரக் குறைந்துவிடுகின்றது. குருமாரின் பயணங்களும் கடிதங்களுமே நிறைகின்றன. சரித்திரம் எழுதுவோரைப் பற்றித் தொடக்கத்தில் யான் கூறியதற்கு இது சான்று. அவர்கள் வருகைக்காக உழைத்தவர் அவர்கள் வந்ததனாலேயே மறைந்துபோனார். அதனை அவர் இழப்பாக எண்ணியிருப்பாரோ? எண்ணியிரார், தஞ்சைக்கு நடந்ததே இதன் பொருட்டன்றோ?

இனி அச்சிறுவனைப் பற்றிக் கூறுவேன். சுவார்ட்ஸ் ஐயர் அக்காலத்தே அவனைக் கண்டு, அவன் தந்தையாரின் இசைவுபெற்றுத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அப்போது அவனுக்கு வயது 11 அல்லது 12. அவனே பின்னர் பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். இன்றும் நம் கோவில்களில் அவர் கீர்த்தனைகள் பாடப்படாத பண்டிகை இல்லை. கிறிஸ்தவத் தமிழிலக்கியம் கற்பிக்கும் நூல்கள் அவருடைய வரலாற்றைத் தஞ்சையில் தொடங்குகின்றன. பாளையங்கோட்டையில் அவரையும் அவர் பெற்றோரையும் கூட்டி வைத்திருந்த அந்தச் சிறு சபையையும், அதைத் தாங்கி நின்ற அம்மையாரையும் ஒரு வரியிலேனும் அவை குறித்தால் நன்று.

1799-இல் முதலூர் என்னும் கிறிஸ்தவக் கிராமம் தோன்றியது. 1802-ஐ ஒட்டிய காலத்தில் தென்திசையில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். நாற்பது ஆயிரங்களாகப் பெருகியதை அம்மையார் கண்ணாரக் கண்டார். ஏறக்குறைய 1806-இல் அவர் காலமானார்.

அம்மையாரை மக்கள் இராச கிளாரிந்தா என்றும் வழங்கினர். அவர் கட்டிய கோவிலுக்கோ அப்பெயர் நிலைக்கவில்லை. ரேனியுஸ் ஐயர் 1826-இல் பெரிய கோவிலைக் கட்டியபின் சபையார் பெரும்பாலும் அங்கே கூடலாயினர். பழைய கோவில் சிறிய கோவிலாயிற்று. ஊரார் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே வழங்கினர். அவரோடு தொடர்புடைய கிணறும் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே பெயர்பெற்றது. ஞானஸ்நானத்தின்போது அவர் ஏற்ற பெயரை ஊர்வழக்கு ஏற்கவில்லை. அவரை ஒதுக்கிய குலத்தின் பெயரே அவர் கட்டிய சுவர்களின்மேல் ஒட்டிக்கொண்டது. கோவிலோ இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் பாளையங்கோட்டையில் நின்றுகொண்டிருக்கின்றது.